நம் கால்களும் 5,000 மீற்றரும்



உந்துவப் போயாவோடு சிவனொளிபாத மலைப் பருவகாலம் தொடங்கிவிட்டது. இனி வெசாக் வரைக்கும் ஹட்டன் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை கம்பளித் தொப்பியும் போர்வையுமாக ஆள் நடமாட்டம்தான். வடை போடுகிறவர்களுக்கும் நல்லதண்ணி பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் தூக்கம் கிடையாது. இந்தப் பரபரப்புக்கு நடுவே எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு கடிதம் இம்மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

எழுதியவர்கள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த நண்பர்கள். சிலர் ஆசிரியர்கள், சிலர் கொழும்பில் வேலை. வருகிற ஏப்ரல் விடுமுறையில் நேபாளம் போய் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்கப் போகிறார்களாம். சீட்டுப் பிடித்துக் காசு சேர்க்கிறார்கள். "உடம்பைத் தயார்பண்ணிக்கொண்டு வருகிறோம், மனதை எப்படித் தயார்பண்ணுவது என்று எழுதுங்கள்" என்பது அவர்களுடைய கேள்வி. படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நம் பிள்ளைகள் வேலைக்காக மட்டுமே வெளிநாடு போன காலம் போய், நடந்து பார்ப்பதற்காகவும் போகிறார்களே! ஆனால் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை உட்காரவைத்தது. "நாங்கள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால் பெரிதாகப் பயமில்லை" என்று முடித்திருந்தார்கள்.

தம்பிமாரே, அந்த வரியைத்தான் நீங்கள் முதலில் சரிபார்க்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஹட்டன் நகரம் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868. சிவனொளிபாத மலை உச்சி 2,243. இலங்கையிலேயே உயர்ந்த பிதுருதலாகல 2,524. அதன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்களும் பாதுகாப்பு வளையமும் இருப்பதால் அங்கே நடந்து ஏறவும் விடமாட்டார்கள். உயர மலை நோய் என்று வைத்தியர்கள் சொல்வது பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் தலைகாட்டத் தொடங்கும். நம் நாடு முடிகிற இடத்தில்தான் அந்த நோயின் எல்லை ஆரம்பிக்கிறது என்று சொன்னால் பெரிய தப்பில்லை. நீங்கள் இறங்கப்போகும் லுக்லா விமான நிலையமே 2,845 மீற்றர். அதாவது, நடை தொடங்கும் முதல் அடியே நம் மலைகள் எல்லாவற்றுக்கும் மேலே விழுகிறது. போய்ச்சேர வேண்டிய அடிவார முகாம் 5,364.

அந்த உயரத்தில் காற்றில் ஒட்சிசனின் பங்கு குறைந்துவிடுவதில்லை. அங்கும் அதே 21 வீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஒட்சிசன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்குதான். நுவரெலியாவில் நமக்கு ஐந்தில் நான்கு பங்கு கிடைத்துவிடுகிறது. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில் பழகினோம் என்பது அங்கே பெரிய உதவி செய்யாது. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்கு வருகிற கொழும்புக்காரரும் நீங்களும் லுக்லாவில் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் நிற்பீர்கள்.

இதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. உடற்பலம் இந்த நோயைத் தடுப்பதில்லை. பந்து விளையாடுகிறவர், ஓட்டக்காரர், மூட்டை தூக்குகிறவர் யாராக இருந்தாலும் வரும். போதாததற்கு, கால் பலம் உள்ளவன் வேகமாக ஏறிவிடுகிறான். உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கு முன்பே உயரம் அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. 3,000 மீற்றரைத் தாண்டிய பிறகு, நேற்று இரவு தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் 500 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒரு நாள் அதே இடத்தில் தங்கவேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்லும் பொது விதி. அதனால்தான் 3,440 மீற்றரில் உள்ள நாம்சே பஸாரிலும் 4,410 மீற்றரில் உள்ள டிங்போச்சேயிலும் எல்லாரும் இரண்டு இரவு தங்குகிறார்கள். தங்கும் நாளில் சும்மா இருக்காமல் பக்கத்து மேட்டில் ஏறி இறங்கி, தூங்குவதற்குக் கீழே வருகிறார்கள். கால் 'போகலாம்' என்று துடிக்கும் நாளில் உட்கார்ந்திருப்பது நம் ஆட்களுக்கு லேசான காரியமில்லை. ஆகவே மனத் தயாரிப்பு என்றதும் பலரும் நினைப்பதுபோல் 'முடியும் முடியும்' என்று நெஞ்சை நிமிர்த்துவதை நான் சொல்ல வரவில்லை. 'முடியும்' உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

அப்படியானால் நம் மலைகளிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். காற்றைத் தவிர மற்றெல்லாம் கற்றுக்கொள்ளலாம்.

சிவனொளிபாத மலைக்குப் போகும் பழைய சிங்கள யாத்திரைக் குழுக்களில் 'நடே குரா' என்று ஒருவர் இருப்பார். பலமுறை ஏறிய பெரியவர். குழு அவர் சொற்படி நடக்கும். வழியில் 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று கேட்கக்கூடாது, 'களைத்துப்போய்விட்டேன்' என்று சலித்துக்கொள்ளக்கூடாது என்று கட்டுப்பாடு. சீத கங்குலவில் குளித்து உடை மாற்றி, இந்திகட்டுபானவில் ஊசி நூல் வைத்து, இறங்கி வருகிறவர்கள் ஏறுகிறவர்களை வாழ்த்திப் பாட, பதில் பாட்டோடு மேலே போவார்கள். நம் ஆட்களும் 'அரோகரா' போட்டபடி அதே படிகளில்தான் ஏறுகிறார்கள். இதையெல்லாம் பக்தி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். தூரத்தைக் கேட்காமல் இருப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நல்லதண்ணி வழியில் படிகள் ஐயாயிரத்துக்கு மேல் என்பார்கள். இரவு இரண்டு மணிக்கு அண்ணாந்து பார்த்தால் விளக்கு வரிசை வானத்துக்கே போவதுபோல இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறவனுக்குக் கால் வலிக்கு முன் மனவலி வந்துவிடும். அடுத்த தேநீர்க் கடை வரைக்கும் என்று மட்டும் வைத்துக்கொள்கிறவன் போய்ச் சேருவான்.

மொரோக்கோவிலிருந்து புறப்பட்ட இபுனு பதூதா 1344இல் இந்த மலைக்கு வந்தார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, உச்சியிலுள்ள பாதச் சுவட்டைப் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று கேட்க, அரசர் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்து அனுப்பினார் என்பது அவருடைய பயணக் குறிப்பில் இருக்கிறது. அன்றைக்குப் பாறையில் பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள். பத்துச் சங்கிலிகளை அவர் சொல்கிறார். கடைசிச் சங்கிலிக்கு, இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியான கலிமாவின் பெயராம். அங்கே நின்று கீழே பார்க்கிறவனுக்குத் தலை சுற்றி, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் தானாகக் கலிமா சொல்லிவிடுவதால் வந்த பெயர். எனக்கு இந்தக் குறிப்பு ரொம்பப் பிடிக்கும். உலகம் சுற்றிய மனிதர், இந்த இடத்தில் பயம் வரும் என்று கூச்சமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார். பயம் வரும் இடத்துக்கு ஒரு பெயரே வைத்துவிட்டால், அடுத்து வருகிறவன் 'ஓ, இதுதான் அந்த இடம்' என்று கடந்துபோவான்.

தோட்டத்துப் பெண்களையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஜாக்கிரதையாக. கொழுந்து மலையில் ஒரு நிறையைப் பிடித்து ஏறும் அம்மாவைக் கவனித்திருப்பீர்கள். மேலே எவ்வளவு இருக்கிறது என்று அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கண் முன்னாலிருக்கும் செடியில், மட்டக்கம்புக்கு மேலே தலைகாட்டும் கொழுந்தில். பாதம் நேராக மேட்டைப் பார்த்து விழாது, சற்றுப் பக்கவாட்டில் விழும். ஒரு கால் ஊன்றிய பிறகே அடுத்த கால். கூடையின் கயிறு தலையில் அழுத்த, இடுப்பில் படங்கு நனைந்து கனக்க, அட்டையைத் தட்டிவிட நிற்கும் அந்த ஒரு கணம்தான் ஓய்வு. மூச்சும் கையும் காலும் ஒரே கதியில் போகும். இமயத்தில் வழிகாட்டிகள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நடை கிட்டத்தட்ட இதுதான். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம், பேச்சு தடைப்பட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். ஊரில் உங்கள் அம்மாவுக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்க மலையில் நடந்து பாருங்கள், ஜிம்முக்குப் போகும் காசு மிச்சம். ஆனால் 'எங்கள் பெண்கள் தினமும் மலையேறுகிறார்கள், அவர்களுக்கு இமயமெல்லாம் எம்மாத்திரம்' என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது உல்லாச நடையில்லை. முழு நாள் சம்பளத்துக்குப் பேர் விழவேண்டும் என்பதற்காக, அரைப்பேராகிவிடக்கூடாது என்பதற்காக நடப்பது. முழங்காலும் இடுப்பும் தேய நடப்பது. அந்த உழைப்பிலிருந்து கற்றுக்கொள்ளலாம், அதைக் காட்டிப் பெருமையடிக்க நமக்கு உரிமை குறைவு.

இனி, நம் மலைகளில் ஒத்திகை பார்க்கமுடியாத ஒன்றுக்கு வருகிறேன்: உயரத்து இரவு.

நுவரெலியாவில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர், நல்ல பந்தாட்டக்காரர், சில வருடங்களுக்கு முன் அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்குப் போனார். 5,416 மீற்றரில் உள்ள தோரோங் கணவாயைக் கடப்பது திட்டம். மூவாயிரத்தைத் தாண்டிய இரவொன்றில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தோழரின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வரவர ஆழமாகி, பிறகு மெலிந்து, அப்படியே நின்றுவிட்டது. பத்து எண்ணும் நேரம் சத்தமே இல்லை. இவர் பதறி எழுந்து உலுக்கப்போன சமயம், ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்பியது. விடியும்வரை இப்படியே. உயரத்தில் தூங்கும்போது மூச்சு இப்படி ஏறி இறங்கி இடையில் நிற்பது பலருக்கும் நடப்பது, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் அது அவருக்கு முன்கூட்டித் தெரியாது. அந்த ஓர் இரவின் பயம் அடுத்த நாள் முழுவதும் அவர் நடையைத் தின்றுவிட்டது.

அதனால்தான் மனத் தயாரிப்பில் பாதி, வரப்போவதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் என்கிறேன். தூக்கம் கெடும். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழவேண்டியிருக்கும், வெளியே உறைபனி. சாப்பாடு பிடிக்காது. பருப்பும் சோறும்தான் கொடுப்பார்கள், நம் நாக்குக்கு ஒத்ததுதான், ஆனால் நாலாயிரத்துக்கு மேலே அதுவும் இறங்காது. வறண்ட இருமல் தொற்றிக்கொள்ளும். நாள்கணக்கில் குளிக்கமாட்டீர்கள். காரணமில்லாமல் எரிச்சல் வரும், உயிர் நண்பன் கரண்டியைத் தட்டில் வைக்கிற சத்தம்கூடப் பொறுக்காது. இதையெல்லாம் புறப்படும் முன் கூட்டாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். எரிச்சல் வரும்போது அவன் கெட்டவனில்லை, உயரம் பேசுகிறது என்று இரு தரப்புக்கும் தெரியும்.

நண்பரின் கதை அங்கே முடியவில்லை. அடுத்த நாள் அவருக்குத் தலைவலி. சொல்லவில்லை. 'தோட்டத்துக்காரன், பந்தாட்டக்காரன், முதலில் படுத்துவிட்டான்' என்று கேலிசெய்வார்கள் என்ற கூச்சம். மறுநாள் காலையில் சப்பாத்து நாடாவைக் கட்ட உட்கார்ந்தார். விரல்கள் நாடாவைப் பிடிக்கின்றன, முடிச்சு விழவில்லை. மறுபடி, மறுபடி. கவனித்துக்கொண்டிருந்த நேபாள வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் எழுந்துவந்து, தரையில் பலகைக் கோட்டைக் காட்டி, குதியைப் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். நண்பர் நாலாவது அடியில் சாய்ந்தார். அன்றே இறக்கிவிட்டார்கள். கீழே வந்ததும் தேறிவிட்டார். கணவாயைக் கடக்கவில்லை.

இந்தப் பரிசோதனையை உங்கள் லயத்து வாசலிலேயே பழகுங்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி வந்தால் மேலே போவது நிற்கவேண்டும். தள்ளாட்டம், குழப்பமான பேச்சு வந்தால் மூளை வீங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது. இவை இரண்டும் உயிரை எடுக்கும். மருந்து, ஒட்சிசன் எல்லாம் நேரம் வாங்கித் தரும், உண்மையான வைத்தியம் கீழே இறங்குவதுதான், அதுவும் உடனே, இரவானாலும். முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை பற்றி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரையும் சாராயமும் வேண்டவே வேண்டாம். ஹிமாலயன் ரெஸ்கியூ அசோசியேஷன் என்ற அமைப்பு 1973இல் தொடங்கி இன்றுவரை நேபாளத்தில் இயங்குகிறது. உங்கள் வழியில் பெரிச்சேயிலும், அன்னபூர்ணா வழியில் மனாங்கிலும் அதன் வைத்திய நிலையங்கள் உண்டு. சீசன் காலத்தில் பின்னேரங்களில் அங்கே வைத்தியர்கள் உயர நோய் பற்றி விளக்கம் சொல்வார்கள். களைப்பாக இருந்தாலும் போய் உட்காருங்கள்.

ஒட்சிசன் குறையும்போது முதலில் மழுங்குவது எது தெரியுமா? தீர்மானம் எடுக்கும் புத்தி. மழுங்கியிருக்கிறது என்பதை அறியும் புத்தியும் அதோடு சேர்ந்தே மழுங்கும். ஆகவே அங்கே எடுக்கவேண்டிய முடிவுகளை இங்கேயே, தெளிந்த தலையோடு, சம்பலும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டு எடுத்துவிடவேண்டும். யாருக்கு என்ன வந்தால் எல்லாரும் நிற்போம், யார் அவரோடு இறங்குவார், எத்தனை மணியானால் எங்கிருந்தாலும் திரும்புவோம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். 1996 மே 10ஆம் திகதி எவரெஸ்டில் திரும்பவேண்டிய மணி கடந்த பிறகும் ஏறிக்கொண்டிருந்தவர்களில், உலகத்தின் மிகச் சிறந்த வழிகாட்டிகளில் ஒருவரான நியூசிலாந்தின் ரொப் ஹோலும் இருந்தார். அவரோடு இருந்த டக் ஹான்சன் முந்திய வருடம் உச்சிக்கு அருகிலிருந்து திரும்பியவர், இந்தமுறை எப்படியாவது என்று வந்தவர். புயலில் இருவரும் இறந்துபோனார்கள். அவர்களுக்கு விதி தெரியாமலில்லை.

இதற்கு மறுபக்கத்தில் நம் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது. 2016 மே 21ஆம் திகதி ஜயந்தி குரு-உத்தும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்றார், உச்சியைத் தொட்ட முதல் இலங்கையர். டார்ஜிலிங்கில், தேயிலைக்குப் பேர்போன இன்னொரு மலைநாட்டில், எவரெஸ்டில் முதலில் ஏறிய இருவரில் ஒருவரான டென்சிங் பயிற்சி கொடுத்த மலையேற்றக் கல்லூரியில் படித்தவர். அந்தச் செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அவரோடு சேர்ந்து புறப்பட்ட ஜொஹான் பீரிஸைப் பற்றி அத்தனை பேர் கதைக்கவில்லை. அவர் 8,400 மீற்றர் வரை ஏறினார். ஒட்சிசனில் பிரச்சினை. உச்சிக்கு 450 மீற்றர்கூட இல்லை, நம் நல்லதண்ணிப் படிகளில் பாதிக்கும் குறைவான ஏற்றம். ஆண்டுக்கணக்கான உழைப்பு, அனுசரணையாளர்கள், கொழும்பில் காத்திருக்கும் கமராக்கள் எல்லாம் மேலே இழுக்க, அவர் கீழே திரும்பினார். இரண்டு வருடம் கழித்து, 2018 மே 22ஆம் திகதி மறுபடி போய் உச்சியைத் தொட்டார்.

இரண்டாவது பாதி இல்லாவிட்டாலும் முதல் பாதி எனக்குப் போதும் என்பேன். உச்சியைத் தொட்டதால்தான் திரும்பியது சரியாகிப்போனது என்று நாம் கதையைச் சொல்லிப் பழகிவிட்டோம். 2018 நடக்காமலே போயிருந்தாலும் 2016இல் அவர் எடுத்தது சரியான முடிவுதான். டென்சிங்கும் 1952இல் ரேமண்ட் லம்பேர்ட்டோடு ஏறக்குறைய 8,600 மீற்றர் போய்த் திரும்பியவர்தான். அடுத்த ஆண்டு அவர் உச்சியைத் தொட்டதைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது.

தமிழர்கள் அந்த உச்சிக்குப் போகாதவர்கள் இல்லை. மலேசியாவிலிருந்து எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் இருவர் மகேந்திரனும் மோகனதாஸும், 1997 மே 23. அதே திகதியில், 2023ஆம் ஆண்டு, விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி தமிழ்நாட்டின் முதல் பெண்ணாக அங்கே நின்றார். நம் தோட்டங்களிலிருந்தும் ஒருவர் போவார், சந்தேகமில்லை. அவர் பத்திரமாக வந்து வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்பதில்தான் என் அக்கறை.

நம் பக்கத்தில் திரும்புவதைக் கஷ்டமாக்குவது குளிரோ காற்றோ இல்லை, நாம்தான். ஊரில் ஒருவன் புறப்பட்டால் பதாகை கட்டுகிறோம். கோவிலில் அர்ச்சனை. படம் போட்ட டீசேர்ட். கடைக்காரர் கொடுத்த ஐயாயிரம் ரூபாவுக்கு அவர் கடைப் பெயர் முதுகில். பேஸ்புக்கில் நாளுக்கொரு கவுண்ட்டவுன். நாங்கள் பத்திரிகைக்காரர்கள் 'சாதிக்கப் புறப்பட்ட மலையக இளைஞர்கள்' என்று தலைப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். இத்தனையையும் முதுகில் கட்டி அனுப்பிவிட்டு, 'தலைவலி என்றால் இறங்கிவிடு தம்பி' என்றால் அவன் எப்படி இறங்குவான்? அதனால் பொகவந்தலாவைத் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள்: போகும் விஷயத்தை வீட்டுக்கும் வைத்தியருக்கும் தவிர யாருக்கும் அறிவிக்காதீர்கள். வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். திரும்பும் விமானச் சீட்டை நெருக்கமாகப் போடாதீர்கள். லுக்லாவில் மூடுபனி இறங்கிவிட்டால் நாள்கணக்கில் விமானம் வராது. இரண்டு மூன்று நாள் உபரியாக வைத்திருப்பவனுக்கு மேலே அவசரமிராது. காசு கூடும்தான். வேறு எதிலாவது குறையுங்கள்.

இங்கே செய்யக்கூடிய பயிற்சி என்றும் ஒன்றிரண்டு கேட்டிருந்தீர்கள். சிவனொளிபாத மலைக்கு ஓர் இரவு போங்கள், கூட்டமில்லாத கிழமை நாளில். உச்சிக்குச் சூரிய உதயத்துக்கு முன் போய்விடவேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, அவரை யாரும் முந்தாமல் மேலே வரை போகமுடிகிறதா என்று பாருங்கள். சொன்னால் சுலபம். மகாகிரிதம்பச் செங்குத்தில் உங்களுக்கே தெரியும், எவனுக்குக் கால் அரிக்கிறது என்று. அவனோடு இமயத்தில் எப்படி நடப்பது என்பதையும் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சிக் காற்றில் நின்று நடுங்குவதும் ஒரு பாடம்தான், ஒரு தடவை போதும்.

இன்னொன்று, கொஞ்சம் வேடிக்கையானது. ஹோர்டன் சமவெளிக்குப் போய், கிரிகல்பொத்தவுக்கு ஏறுங்கள். 2,388 மீற்றர், இலங்கையின் இரண்டாவது உயரம், நடந்து ஏறக்கூடியவற்றில் முதலாவது. புறப்படும் முன் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடம் வந்ததும், உச்சி கண்ணுக்கு முன் தெரிந்தாலும், உடம்பில் ஒரு நோவும் இல்லாவிட்டாலும், திரும்பிவிடுங்கள். படம் எடுக்காமல். வழியெல்லாம் ஒருவருக்கொருவர் முறைத்துக்கொள்வீர்கள், 'இன்னும் அரை மணி நேரம்தானே' என்று ஒருவன் நிச்சயமாகச் சொல்வான். அவனையும் கூட்டிக்கொண்டு இறங்கினீர்களானால் ஏப்ரலுக்குத் தயார். இதைச் சிவனொளிபாத மலையில் செய்யச் சொல்லமாட்டேன். யாத்திரைக்கென்று புறப்பட்டு நடுவழியில் காரணமில்லாமல் திரும்பினால் வீட்டில் பாட்டியிடம் யார் பதில் சொல்வது?

பாட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போதெல்லாம் கைலாய யாத்திரைக்கு நம் பெரியவர்களும் போய்வருகிறார்கள். நேபாள வழியில் விரைவாகக் கொண்டுபோய் 4,500 மீற்றருக்கு மேலே, மானசரோவர் கரையில் இறக்கிவிடும் பயணங்கள் உண்டு. பரிக்கிரமாவில் டோல்மா கணவாய் 5,600 மீற்றரைத் தாண்டும். 'சிவன் பார்த்துக்கொள்வான்' என்று தலைவலியை மறைக்கும் பெரியவருக்கும், கேலிக்குப் பயந்து மறைக்கும் பந்தாட்டக்காரருக்கும் உடம்பு ஒரே பதிலைத்தான் சொல்லும். அப்பா அம்மாவை அனுப்பும் பிள்ளைகள், பயணத் திட்டத்தில் ஓய்வு நாட்கள் எத்தனை என்று முதலில் கேளுங்கள். விலையை அப்புறம் பேசலாம்.

கடைசியாக, எங்கள் பங்கு. பொகவந்தலாவைத் தம்பிமாருக்காக ஜூன் இதழில் மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அடிவார முகாமிலிருந்து திரும்பினாலும், நாம்சேயிலிருந்து திரும்பினாலும், லுக்லாவில் விமானத்துக்குக் காத்திருந்ததோடு சரி என்றாலும் அந்தப் பக்கங்கள் உங்களுடையவை. கொடி பிடித்த படம் கட்டாயமில்லை. குழுவில் முதலில் 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று சொன்னவர் யார், அப்போது மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் விடாமல் எழுதுங்கள். சிவனொளிபாத மலைக்கு நெடுங்காலமாகக் குழுக்களை அழைத்துப்போகும் பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், வழியில் நீங்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடுகளை எழுதி அனுப்புங்கள், பிள்ளைகளுக்கு உதவும். அடுத்த இதழில் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வைத்தியர் எழுதுகிறார். இறக்கத்தில் முழங்கால் வலிக்கிறது என்று கேட்டு எழுதியிருந்த வாசகிகள் எல்லாருக்கும் அதில் பதில் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்